வைக்கோல் தண்ணீரில் பாரமீசியம்: வீட்டிலேயே வளர்த்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

என் மகள் பள்ளிப் புத்தகத்தில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் படத்தைக் காட்டி, "இது நிஜமா எப்படிப்பா நகரும்?" என்று கேட்டாள். காட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முதல் பாரமீசியத்தை நாங்கள் கண்ணால் பார்க்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. இரண்டு முறை தண்ணீர் அழுகி நாறிப்போனது. ஒரு முறை பாட்டிலில் இருந்தவை எல்லாம் ஒரே இரவில் செத்துப்போயின. ஒரு மைக்ரோஸ்கோப்புக்குக் கொடுத்த பணம் வீண். வழி தெரிந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்திருக்கும் வேலை இது.

அந்த மூன்று மாதத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். தவறு பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பில் நடப்பதில்லை, பாட்டிலில் நடக்கிறது. பாட்டிலைச் சரியாகக் கவனித்துக்கொண்டால், சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே ஒருசெல் உயிரி சாப்பிடுவதையும் ஓடுவதையும் உயிர் பிழைப்பதையும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் பெற்றோர், ஆய்வகம் இல்லாத பள்ளியின் ஆசிரியர், தானாகவே ஆசைப்பட்டவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பலரும் அமீபாவில் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் புத்தகத்தில் அதுதான் முதலில் வரும். ஆரம்பிப்பவருக்கு அமீபா வேண்டாம். பெரிய அமீபா அரை மில்லிமீட்டர் வரை இருக்கும், ஆனால் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அடிச்சேற்றிலும் அழுகிய இலையிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாட்டிலை அசைத்தால் சுருண்டு ஒரு தூசு போல ஆகிவிடும். பக்கத்திலேயே இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

பாரமீசியத்தில் ஆரம்பியுங்கள். நீளம் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். கண்ணாடி டம்ளரில் எடுத்து, பின்னால் கறுப்புத் துணி வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள் ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும். மைக்ரோஸ்கோப் வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அடுத்ததாக யூக்ளினா. பச்சையாக, பாரமீசியத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். தண்டில் நிற்கும் மணி போன்ற வோர்டிசெல்லா தேடாமலே கிடைக்கும். ஊதுகுழல் வடிவ ஸ்டென்டார் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அது ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் நீளும், ஒரே செல்தான் என்று நம்பவே முடியாது.

2. மைக்ரோஸ்கோப்: செலவும் பில்லும்

நான் முதலில் வாங்கியது 1,200 ரூபாய்க்கு, பெட்டியில் "1200 மடங்கு" என்று பெரிதாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் மைக்ரோஸ்கோப். அந்த எண்ணை நம்பி ஏமாந்தேன். லென்ஸ் தரமில்லாமல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். நமக்கு வேண்டியது 40 மடங்கு, 100 மடங்கு, 400 மடங்கு இந்த மூன்றுதான். பத்து மடங்கு கண்லென்ஸோடு 4, 10, 40 என்று மூன்று பொருள்லென்ஸ் இருந்தால் போதும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உயிரோடு ஓடுவதை அதில் பிடிக்கவே முடியாது.

இரண்டாவதாக நான் வாங்கிய மாணவர் மைக்ரோஸ்கோப் 5,500 ரூபாய். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் நேரில் பார்த்து வாங்கினேன். கடையிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி மூன்றைச் சோதியுங்கள். குவியத் திருகை விட்டதும் மேடை தானாகக் கீழே இறங்கக் கூடாது. மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துளை கட்டாயம் இருக்க வேண்டும். 40 லென்ஸ் முட்டினால் உள்ளே போகும் சுருள்வில்லோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே ஸ்லைடை உடைத்து லென்ஸையும் கீறிவிடுவீர்கள்.

பில்லை வாங்கி பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எனக்கு முதல் மைக்ரோஸ்கோப்பின் விளக்கு இரண்டாம் வாரம் அணைந்தது. சீட்டில் தேதி போடவில்லை என்று சொல்லி மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

மற்ற செலவு அதிகமில்லை. 50 ஸ்லைடு 120 ரூபாய், 100 கவர் சிலிப் (சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) 80 ரூபாய், பிளாஸ்டிக் டிராப்பர் ஐந்து வாங்கினால் 50 ரூபாய் என்று எனக்கு ஆனது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பணம் இல்லை என்றால் காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது, 140 மடங்கு வரை காட்டும். பாரமீசியத்துக்கு அது தாராளமாகப் போதும். ஓடுவதைத் துரத்துவதற்குத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

3. தண்ணீர் எடுப்பது

கரையோரம் போங்கள். நடுக்குளத்துத் தெளிந்த நீரில் ஒன்றும் சிக்காது. ஆகாயத்தாமரையின் வேரைப் பாட்டிலுக்கு மேலே பிடித்து நன்றாகப் பிழியுங்கள். நாற்றங்கால் ஓரம், கிணற்றுத் தொட்டியின் பாசி, மொட்டைமாடியில் வைத்த தாமரைத் தொட்டி எல்லாமே நல்ல இடங்கள். எனக்கு முதல் பாரமீசியம் கிடைத்தது பக்கத்து வீட்டு அல்லித் தொட்டியில். அழுகிய இலை ஒன்றிரண்டும், விரல்நுனி அளவு சேறும் சேர்ந்து வரட்டும். பூச்சிமருந்து தெளித்து இரண்டு மூன்று வாரம் ஆகாத வயல் பக்கம் போக வேண்டாம்.

இங்கேதான் நான் செய்த முதல் பிழை. பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து மதிய வெயிலில் வீட்டுக்கு வந்தேன். உள்ளே இருந்தவை காற்றில்லாமலும் சூட்டிலும் முடிந்துபோயின. பாதி மட்டும் நிரப்புங்கள், மேலே காற்று இருக்கட்டும். மூடியைத் தளர்த்தி வையுங்கள். காலையில் எடுத்து, ஈரத்துணி சுற்றி, ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேருங்கள்.

எடுத்த இடத்திலேயே பாட்டிலில் சீட்டு ஒட்டுங்கள்: இடம், தேதி, நேரம், எதிலிருந்து எடுத்தது. "குளம் வடக்கு மூலை, காலை 7.30, தாமரை வேர்" என்கிற அளவு போதும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்று பாட்டிலும் ஒரே மாதிரி தெரியும். கோயில் குளம் என்றால் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது. பறவைகள் சரணாலயத்துக்குள் வரும் ஏரிகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, ஒரு டம்ளர் தண்ணீர் என்றாலும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குளத்து நீரில் நெக்லேரியா என்ற ஒருசெல் உயிரியும் இருக்கலாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கு வழியாக உள்ளே போனால் மூளைக்குச் சென்று உயிரையே எடுத்துவிடும். மிக அரிதாகத்தான் நடக்கும், ஆனால் கேரளத்தில் 2024-இல் இப்படி மூளையைத் தாக்கும் அமீபாவால் பலர் பாதிக்கப்பட்டார்கள். கை நனைவதால் ஆபத்தில்லை, முகத்தில் தெறிப்பதுதான் கூடாது. தண்ணீருக்குள் இறங்காதீர்கள், பிள்ளைகளை இறக்காதீர்கள். டிராப்பரை ஒருபோதும் வாயால் உறிஞ்சாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கை கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது, கருவிழியில் புண் உண்டாக்கும் வேறோர் அமீபாவும் தண்ணீரில் உண்டு.

4. வைக்கோல் தண்ணீர்: பன்னிரண்டு நாள் கணக்கு

குளத்து நீரில் பாரமீசியம் இருந்தாலும் ஒரு சொட்டில் ஒன்றுகூட இருக்காது. அதைப் பெருக்க வேண்டும். அதன் உணவு பாக்டீரியா, பாக்டீரியாவின் உணவு வைக்கோல். அவ்வளவுதான் இதன் சூத்திரம்.

ஒரு கைப்பிடி வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். மாடு தின்னும் வைக்கோல்தான் நல்லது. மருந்தடித்த வைக்கோலாக இருந்தால் மாட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லிவிடுவார். குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். எங்கள் பாட்டில் ஒரே இரவில் செத்ததற்குக் காரணம் இதுதான். குறைந்துபோன தண்ணீரை ஈடுகட்ட நேராகக் குழாயைத் திறந்து பிடித்து ஊற்றிவிட்டேன்.

ஆறிய நீரை வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஒரு நாள் மூடாமல் விடுங்கள். மேலே துணி கட்டினால் கொசு முட்டையிடாது. மறுநாள் அரை டம்ளர் குளத்து நீரைச் சேர்க்க வேண்டும்.

இந்தக் குளத்து நீரைச் சேர்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "வைக்கோலை ஊறவைத்தால் பாரமீசியம் வரும்" என்று கேட்டு நானும் முதல் மாதம் முழுக்க வெறும் வைக்கோலை ஊறவைத்துக் காத்திருந்தேன். காய்ந்த வைக்கோலில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருப்பவை வேறு. கோல்போடா போன்ற ஒருசெல் உயிரிகள் உலர்ந்த காலத்தில் உடலைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு உறங்கும், நீர் பட்டதும் எழும். பாரமீசியத்துக்கு அந்த வித்தை தெரியாது. காய்ந்தால் செத்துவிடும். அதனால் அது உயிருள்ள நீரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

குளத்து நீர் சேர்த்த நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் நீர் கலங்கி, மேலே மெல்லிய ஏடு படியும். அது பாக்டீரியா. பயப்படாதீர்கள், ஏட்டை எடுத்துப் போடாதீர்கள். மூன்றாம் நாள் முதல் மிகச் சின்னப் புள்ளிகள் துடிக்கும், அப்புறம் முந்திரிப்பருப்பு வடிவத்தில் கோல்போடா வரும். ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் பாரமீசியம் பெருகும். அதற்குப் பிறகு வோர்டிசெல்லாவும், மூன்று நான்கு வாரம் கழித்து அடியில் சின்ன அமீபாக்களும் வரலாம். நாள் கணக்கு முன்பின் ஆகும். வரிசை பெரும்பாலும் இதுதான், ஒன்று தின்று தீர்த்த இடத்தில் அடுத்தது வரும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வைக்கோல் கூடிவிட்டது, உள்ளே காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாதி வைக்கோலை எடுத்துவிட்டு, குளோரின் போன தண்ணீரைக் கொஞ்சம் சேருங்கள். லேசான சாணி வாசனை இருந்தால் எல்லாம் சரி. நேர் வெயில் கூடாது. கோடையில் அறை 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் ஜாடியை ஈரமணலில், மண்பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். 25 டிகிரி அக்கம்பக்கம்தான் பாரமீசியத்துக்குப் பிடித்த சூடு.

5. ஸ்லைடு போடுவது

ஜாடியைக் கலக்காதீர்கள். பாரமீசியம் மேல்பரப்புக்குக் கீழே, சுவரோரம் கூடும். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் கொஞ்சம் நீரை வடிகட்டி, குறுகிய கழுத்துள்ள சின்ன பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். மேல்நோக்கி நீந்துவது அதன் பழக்கம், கழுத்தில் வந்து கூடிவிடும். அங்கிருந்து ஒரு சொட்டு எடுத்தால் பத்து இருபது கிடைக்கும்.

ஸ்லைடில் சொட்டை விட்டு, பஞ்சை ஊசியால் பிரித்து நாலைந்து இழைகளை மட்டும் அதில் போடுங்கள். பாரமீசியம் இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வேகம் குறையும். பஞ்சு இல்லாமல் பார்க்கப் போனால் துரத்தித் துரத்திக் கண் வலிக்கும். கவர் சிலிப்பை ஒரு ஓரம் முதலில் தொடும்படி சாய்த்து மெல்ல இறக்குங்கள். நாலு மூலையிலும் கடுகில் பாதி அளவு வாஸ்லின் வைத்தால் கவர் சிலிப் உயிரிகளை நசுக்காது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஓடினால் பத்து நிமிடத்தில் சொட்டு காய்ந்துவிடும்.

எப்போதும் 4 லென்ஸில் ஆரம்பியுங்கள். வெளிச்சத் துளையைப் பாதிக்கு மேல் மூடுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானோ விளக்கை முழுசாக வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவை நிறமில்லாத உயிர்கள், வெளிச்சம் கூடினால் கரைந்து மறைந்துவிடும். கறுப்பு வளையத்தோடு வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழி. ஒரே திசையில் எல்லாம் சேர்ந்து மிதப்பது நீரின் ஓட்டம். நின்று, திரும்பி, வேறு பக்கம் போவதுதான் உயிர்.

6. நகர்வதைப் பாருங்கள்

பாரமீசியத்தின் உடல் முழுக்க ஆயிரக்கணக்கான குறுயிழைகள், மயிர் போன்ற மிகச் சின்ன இழைகள். நெற்கதிர் மீது காற்று அலை போவது போல அவை வரிசையாக அசையும். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போகும், அதாவது தன் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு. 100 மடங்கில் உங்களுக்குத் தெரியும் வட்டத்தின் அகலமே இரண்டு மில்லிமீட்டருக்குள்தான், அதனால் இரண்டு நொடியில் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும். நேராகப் போவது போலத் தெரிந்தாலும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு திருகுபோலப் போகிறது. வாய்ப்பள்ளம் ஒரு நேரம் மேலேயும் ஒரு நேரம் கீழேயும் தெரிவதிலிருந்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

பஞ்சு இழையில் அது மோதும் நொடியைத் தவறவிடாதீர்கள். மோதியதும் பின்னால் போகும், கொஞ்சம் கோணம் மாற்றும், மறுபடி முன்னால் வரும். அடைபட்டால் திரும்பத் திரும்ப இதையே செய்யும். முட்டியதும் சவ்வு வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது, அது குறுயிழைகளின் அடிக்கும் திசையை மாற்றிவிடுகிறது. மூளை இல்லை, நரம்பு இல்லை. என் மகள் இதை மட்டும் முக்கால் மணி நேரம் பார்த்தாள்.

யூக்ளினா கிடைத்தால் ஸ்லைடு வேண்டாம். பச்சை நீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, கறுப்புக் காகிதம் சுற்றி, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெட்டிவிட்டு ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் காகிதத்தை எடுத்தால் அந்த இடத்தில் பச்சைக் கோடு நிற்கும். சாட்டை போன்ற கசையிழையின் அடியில் உள்ள சிவப்புக் கண்புள்ளியின் உதவியால் வெளிச்சம் வரும் திசையை அறிந்து நீந்தி வந்திருக்கின்றன. நேர் வெயிலில் வைத்தால் இதற்கு நேர்மாறாக விலகி ஓடும், அதனால் நிழல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

வோர்டிசெல்லாவுக்கு மைக்ரோஸ்கோப் மேடையை விரலால் லேசாகத் தட்டுங்கள். தண்டு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் சுருளாகிவிடும், பிறகு சில நொடி எடுத்து மெதுவாக நீளும். அமீபாவை ஸ்லைடில் போட்டால் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள், ஒட்டிக்கொண்ட பிறகுதான் உடலின் ஒரு பகுதியைக் கால்போல நீட்டும், அதுதான் போலிக்கால். ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் தன் உடல் நீளத்தைக்கூடக் கடக்காது. போன் கேமராவில் பத்து நிமிட வீடியோ எடுத்து வேகமாக ஓட்டினால் அது நடப்பது நன்றாகத் தெரியும்.

7. சாப்பிடுவதைப் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாப் பாடும் என்பேன்.

காங்கோ ரெட் என்று ஒரு சாயம் உண்டு. சாதாரண நீரில் சிவப்பு, அமிலத்தில் நீலம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கால் டீஸ்பூனை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, ஊசிமுனையில் எடுத்த அளவு காங்கோ ரெட் சேர்த்து, பத்து நிமிடம் சுடவைத்தால் ஈஸ்ட் செல்கள் செத்துச் சிவந்துவிடும். ஆறியதும், குண்டூசித் தலை அளவு இந்தக் கலவையை பாரமீசியச் சொட்டில் தொட்டு விட்டு கவர் சிலிப் போடுங்கள். அதிகம் விட்டால் ஈஸ்ட்டுக் கூட்டத்தில் ஒன்றும் தெரியாது.

ஓரிரு நிமிடத்தில் சிவப்பு மணிகள் வாய்ப்பள்ளத்துக்குள் சுழன்று இறங்குவதைக் காண்பீர்கள். பள்ளத்தின் முடிவில் அவை ஒரு உருண்டையாகச் சேர்ந்து கழன்று உள்ளே போகும். அதுதான் உணவுக்குமிழ். 400 மடங்குக்கு மாற்றி ஒரே குமிழைக் கவனியுங்கள். சில நிமிடத்தில் சிவப்பு மங்கி ஊதாவாகி நீலமாகும். உள்ளே அமிலம் சுரக்கிறது, நம் வயிற்றில் நடப்பதைப் போலவே. குமிழ் உடலுக்குள் ஒரு சுற்றுப் பாதையில் பயணம் செய்யும். நேரம் போகப் போக அமிலம் குறைந்து மறுபடி சிவக்கும். மிச்சக் கழிவு பின்பாதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெளியேறும். ஸ்டாப்வாட்சை வைத்து முதல் குமிழ் உருவான நேரம், நீலமான நேரம், மறுபடி சிவந்த நேரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக் கண்காட்சிக்கு இந்த ஒரு அட்டவணை போதும்.

கவனம்: காங்கோ ரெட் உடம்புக்கு ஆகாது. கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள்தான் கலக்க வேண்டும். சமையல் பாத்திரம், சமையலறை அடுப்பு இரண்டும் கூடாது. வேதிப்பொருள் கடையில் சில இடங்களில் பள்ளிக் கடிதம் கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள், மகளின் பள்ளியிலிருந்து அதை வாங்க ஒரு வாரம் ஆனது. அதனால் ஜாடியில் வைக்கோல் போடும் அன்றே கடிதத்துக்கும் சொல்லிவிடுங்கள். சாயம் கிடைக்காவிட்டால் ஓவியக் கடையில் கிடைக்கும் அரக்கு சேராத கறுப்பு மையை நன்றாக நீர்த்து விடுங்கள். நிறம் மாறாது, ஆனால் குமிழ்கள் கறுப்பு மணிகளாக வரிசையில் உருவாவது அழகாகத் தெரியும்.

எல்லாம் இப்படி வாய்வழிச் சாப்பிடுவதில்லை. அமீபா இரையைப் போலிக்காலால் சூழ்ந்து மொத்தமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். யூக்ளினா வெளிச்சத்தில் தானே சமைக்கும், இருட்டில் நீரில் கரைந்திருப்பதை உறிஞ்சி வாழும். உங்கள் ஜாடியில் பாரமீசியம் திடீரென்று குறைந்தால் பீப்பாய் வடிவில், இரண்டு வளையக் குறுயிழையோடு சுற்றும் ஒன்றைத் தேடுங்கள். அது டிடினியம், பாரமீசியத்தை முழுசாக விழுங்குவது. பார்த்துவிட்டால் உடனே பாரமீசியம் உள்ள நீரில் கொஞ்சத்தை வேறு ஜாடிக்கு மாற்றுங்கள், டிடினியம் கூட வராமல் டிராப்பரால் பார்த்துப் பார்த்து.

8. பிழைத்திருப்பதைப் பாருங்கள்

நன்னீரில் வாழும் செல்லுக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் உள்ளே உப்பு அதிகம், வெளியே குறைவு. வெளியேற்றாவிட்டால் செல் உப்பி வெடிக்கும். பாரமீசியத்தில் முன்னும் பின்னும் இரண்டு சுருங்கும் நுண்குமிழ்கள் இருக்கின்றன. பஞ்சில் மாட்டிக்கொண்ட ஒன்றை 400 மடங்கில் பாருங்கள். நட்சத்திரம் போலக் கால்வாய்கள் நிரம்பும், நடுவில் வட்டம் பெரிதாகும், சட்டென்று மறையும். இரண்டும் மாறி மாறி அடிக்கும். ஒரு மறைவுக்கும் அடுத்த மறைவுக்கும் எத்தனை நொடி என்று பத்து முறை எண்ணி எழுதுங்கள்.

பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, அதில் ஒரு சொட்டும் ஜாடி நீரில் ஒரு சொட்டும் சேர்த்துப் புது ஸ்லைடு போட்டு மறுபடி எண்ணுங்கள். இடைவெளி நீண்டிருக்கும். வெளியே உப்புக் கூடியதும் உள்ளே ஊறும் நீர் குறைகிறது, இறைக்கும் வேலையும் குறைகிறது. இதைவிட உப்பைக் கூட்டாதீர்கள், சுருங்கிச் செத்துவிடும். இரண்டு எண்ணிக்கையும் ஒரே சூட்டில், ஒரே அறையில் அடுத்தடுத்து நடக்க வேண்டும். சூடு மாறினால் துடிப்பும் மாறும், கணக்கு குழம்பும்.

ஜாடியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிதாகக் கொதித்து ஆறிய வைக்கோல் நீரில் பழைய நீரில் கால் பங்கை ஊற்றி வளருங்கள். எப்போதும் இரண்டு ஜாடியாக வையுங்கள், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். வைக்கோல் இல்லாத நாளில் அரை டம்ளர் நீருக்கு வேகவைத்த கோதுமை மணி ஒன்று போதும், இரண்டு போட்டால் நாறும். வேண்டாத நீரைக் கொட்டும் முன் ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் வைத்து, சாக்கடையில் விடுங்கள். ஒரு குளத்து நீரை இன்னொரு குளத்தில் ஊற்றாதீர்கள்.

கடைசியாக, காசே ஆகாத ஒன்று. நாலாம் நாள் கோல்போடா நிறைந்திருக்கும்போது, ஜாடி நீரை இரண்டு ஸ்பூன் எடுத்து வடிகட்டும் காகிதத்தின் மேல் ஊற்றி, நிழலில் காய விடுங்கள். மெதுவாகக் காய வேண்டும், வெயிலில் வைத்தால் உறை கட்ட நேரம் கிடைக்காமல் செத்துவிடும். முழுக்க உலர இரண்டு நாள் ஆகும். காகிதத்தை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதில் விரல்நகம் அளவு வெட்டி, கொதித்து ஆறிய வைக்கோல் நீர் பத்துச் சொட்டில் ஊறவைத்துச் சில மணி நேரம் விடுங்கள். காலையில் ஊறவைத்தால் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்துக்குப் பார்த்துவிடலாம். உறையிலிருந்து கோல்போடா சுழன்று சுழன்று வெளியே வரும். எங்கள் வீட்டில் அந்த உறை இன்னும் இருக்கிறது. போன வாரம் மகள் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தோழிக்குக் கொடுத்தனுப்பினாள், தேதியையும் எழுதி.